மேகத்துக்குள் ஓட்டுகிற படிப்பு

சின்னண்ணன்: அப்ப அமெரிக்காவும் வேண்டாங்கற?

குணசீலன்: வேண்டாங்கலீங்கப்பா... அந்த ஸ்கூல் இருக்கற ஊருல மத்தியானமானா இடியும் மழையுமா இருக்கும். பாதி நாள் பிளேனை வெளியவே எடுக்க மாட்டாங்க.

வசந்தாமணி: ஏஞ்சாமி, இது மேகத்துக்குள்ள ஓட்டற படிப்புன்னு நீதான சொன்ன? மழ வந்தா நல்லதுதான?

குணசீலன்: மேகம் வேற, இடி வேறம்மா.

வசந்தாமணி: எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எது வந்தாலும் காயப்போட்ட துணிய ஓடிப் போயி எடுக்கோணும்.

சின்னண்ணன்: நீ சித்த சும்மா இரு புள்ள. ஏந்தம்பி, பாலைவனத்துப் பக்கம் ஒண்ணு சொன்னியே, வருசம் பூராவும் வெயிலுன்னு...

குணசீலன்: அரிசோனாங்க. அங்க மேகமே கெடைக்காதுங்கப்பா. கண்ணுக்கு மேல ஒரு மறைப்பை மாட்டிக்கிட்டு, வெளிய பாக்காம, முன்னால இருக்கற மீட்டர் முள்ளை மட்டும் பாத்து ஓட்டிப் பழகோணும். நெசமான மேகத்துக்குள்ள ஒருக்காக்கூடப் போகாம ரேட்டிங் வாங்கி என்ன பண்றது?

சின்னண்ணன்: இடி இடிச்சாலும் ஆகாது, வெயில் அடிச்சாலும் ஆகாது. பொண்ணு பாக்கப் போனாக்கூட உங்கம்மா இத்தன கொற சொல்ல மாட்டா.

வசந்தாமணி: என்னைய எதுக்கு இழுக்கறீங்க? என்னையப் பாக்க வந்தப்ப, பொண்ணு ஒசரம் பத்தாதுன்னு சொன்னது ஆரு?

சின்னண்ணன்: எங்கக்கா சொன்னா. நான் சொன்னனா?

வசந்தாமணி: நீங்க எங்க சொல்றது... வாய் பூராவும் கேசரியில்ல இருந்துது.

குணசீலன்: அம்மா...

வசந்தாமணி: பாத்தீங்களா, சிரிச்சுட்டான்! ஊட்டுக்கு வந்ததுல இருந்து இப்பத்தான் பல்லு தெரியுது.

சின்னண்ணன்: சிரிச்சாப் பத்தாது. சேலத்துல இருந்து அந்த ஏஜென்ட்டு முருகானந்தம் மறுக்கா மறுக்காக் கூப்புடறான். ஸ்கூல் பேரைச் சொன்னாத்தான் விசாவுக்கு எழுதிப்போட முடியுமாம். இன்னைக்குப் பொழுதோட சொல்லியாகோணும். கமர்சியல் லைசென்ஸை வாங்கிட்டு வந்து ஊட்டுலயே உக்கோந்துட்டு இருக்கற. இந்த இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஒண்ணுதான பாக்கி? அது இல்லாட்டி எந்தக் கம்பெனிக்காரனும் உள்ள உட மாட்டான்னு நீதான சொன்ன?

குணசீலன்: ஆமாங்கப்பா.

சின்னண்ணன்: அப்பறம்?

குணசீலன்: யோசிச்சுச் சொல்றனுங்க...

வசந்தாமணி: தென்னாப்பிரிக்கா என்னாச்சு?

குணசீலன்: அங்க... அவுங்க பேசறது புரியாதும்மா.

சின்னண்ணன்: இங்கிலீசுதான பேசறாங்க!

குணசீலன்: அந்த இங்கிலீசு வேறீங்க.

வசந்தாமணி: வடக்க போயி, இந்தி தெரியாமயே ஏரோபிளேன் ஓட்டிட்டு வந்தவன் பேசற பேச்சப் பாரு.

சின்னண்ணன்: சரி, நியூசிலாந்து? அங்க உன்ற பெரியம்மா புள்ள கிருத்திகா இருக்கறா. நம்மூட்டுச் சோறு கெடைக்கும். மேகமும் இருக்குதுன்னு நீயே சொன்ன.

குணசீலன்: அங்க மலை ஜாஸ்திங்க.

சின்னண்ணன்: கொல்லிமலைக்கு அடியில வளந்தவனுக்கு மலைன்னா பயமா?

குணசீலன்: இல்ல... குளிருங்கப்பா.

வசந்தாமணி: ஸ்வெட்டர் வாங்கிக்கலாஞ்சாமி... ஹாரன் கேக்குதுங்களா? முட்டை வண்டி வந்துருச்சு. நான் போயி ஷெட்டைத் தொறந்து உட்டுட்டு வாரேன். அதுக்குள்ள அப்பனும் மகனும் ஒரு முடிவுக்கு வாங்க.

சின்னண்ணன்: நீ போ, நான் பேசிக்கறேன்.

குணசீலன்: அப்பா...

சின்னண்ணன்: இரு. கேட்டைத் தாண்டட்டும்... ம், போயிட்டா.

குணசீலன்: நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.

சின்னண்ணன்: சொல்லு.

குணசீலன்: எந்த ஸ்கூல்லயும் என்னைய... அது எப்படின்னா...

சின்னண்ணன்: உடு, நானே சொல்றேன். செவ்வாக்கெழம வெடியக்காத்தால நீ தீவன ரூமுல உழுந்து கெடந்ததப் பாத்துட்டேன்.

குணசீலன்: பாத்தீங்களா?

சின்னண்ணன்: கையும் காலும் இழுத்துட்டுக் கெடந்துது. வாயில நொரை. என்ற இடுப்புல இருந்த சாவிக்கொத்த உன்ற கைக்குள்ள வெச்சு இறுக்கி மூடுனேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல சாமி.

குணசீலன்: முழிச்சப்ப சாவி கையில இருந்துது. ரூமைத் தொறக்கறதுக்கு நாந்தான் எடுத்துட்டு வந்தன்னு நெனச்சுட்டேன். நீங்க அங்க இல்லீங்களே.

சின்னண்ணன்: நீ கண்ணத் தொறக்கறப்ப மூட்டைக்கு அந்தப்பக்கம் போயி நின்னுட்டேன். அப்பன் பாத்துட்டான்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவியோன்னு... எப்ப இருந்து?

குணசீலன்: வடக்க படிக்கறப்ப ஹாஸ்டல்லயே வந்துதுங்க. மெடிக்கல் செக்கப்புல நானாத்தான் சொன்னேன். மறைச்சு வெச்சுட்டு நாலு பேரை ஏத்திக்கிட்டு மேல போக முடியுங்களா? இனி எப்பவும் ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க.

சின்னண்ணன்: மாத்திரை தின்னா?

குணசீலன்: தின்னுட்டுத்தான் இருக்கறனுங்க. வலிப்பு நின்னாலும் ஓட்ட உட மாட்டாங்க.

சின்னண்ணன்: இத்தனையும் தெரிஞ்சுட்டு ஏஞ்சாமி தெனமும் எங்கூட உக்கோந்து ஸ்கூல் பாத்த?

குணசீலன்: நீங்க ஏனுங்கப்பா பாத்தீங்க?

சின்னண்ணன்: நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன்... அதுவும் இல்ல. ஏதோ ஒரு ஸ்கூலை முடிவு பண்ணிப்போட்டா, அன்னைக்கு நான் பாத்தது பொய்யாப் போயிருமோன்னு ஒரு நப்பாசை.

குணசீலன்: அம்மாவுக்கு?

சின்னண்ணன்: அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. இப்போதைக்குத் தெரியவும் வேண்டாம். சேந்தமங்கலத்துல காய்க்கடை வெச்சிருக்கறவ வரைக்கும் பையன் பைலட்டுன்னு சொல்லி வெச்சிருக்கறா. ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கெடாய் நேந்திருக்கறா. அது முடியட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்... வாரா பாரு. கண்ணத் தொடை.

குணசீலன்: கேட்டா என்னன்னு சொல்றதுங்க?

சின்னண்ணன்: நியூசிலாந்துன்னு சொல்லு.

வசந்தாமணி: லோடு ஏத்தீட்டு இருக்கறாங்க. என்னுங்க, முடிவுக்கு வந்தீங்களா?

சின்னண்ணன்: வந்தாச்சு, வந்தாச்சு. நியூசிலாந்து. உன்ற மகனே சொல்லிட்டான்.

வசந்தாமணி: நீ சொன்னியா கண்ணு?

குணசீலன்: ஆமாம்மா... அங்கதான் மேகம் நல்லா இருக்கும்.

சின்னண்ணன்: கிருத்திகாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, முருகானந்தத்துக்கு நானே போன் பண்ணிர்றேன்.

வசந்தாமணி: அவகிட்ட நான் கேட்டுட்டனுங்க. தீவாளிக்கு இவன் ஊட்டுக்கு வந்திருந்தப்ப தூக்கத்துல இழுத்துட்டுக் கெடந்தான். இவனுக்கே தெரியாது. அது நிக்கற வரைக்கும் தலைய மடியில வெச்சுட்டு உக்கோந்திருந்தேன். மறுநாளே கிருத்திகாவ விசாரிக்கச் சொன்னேன். அவளும் பாவம், அமெரிக்கா, ஆப்பிரிக்கான்னு ஒவ்வொரு ஸ்கூலுக்கா போன் போட்டா, இப்படியாப்பட்ட பையன எந்த ஊருலயாச்சும் சேத்துக்குவாங்களான்னு... நியூசிலாந்து ஒண்ணுதாங்க பாக்கி இருந்துது. காத்தால கூப்ட்டா. அங்கயும் ஆகாதாம் சாமி.