எலி வந்த வழியை எழுதித் தந்த ஆலா அக்காவுக்கு

ஆயிரமாயிரம் ஆலாக்களின் அன்புக்கு உரியவரே! அலைகடல் நடுவே ஒரு கைப்பிடி மணலாய்க் கிடக்கும் எங்கள் பறவைத் தீவின் அயராத காவலரே! ஆமை கரையேறிய தடத்தைக் கண்டே, முட்டையிட்டுத் திரும்பியதா, மனம் மாறித் திரும்பியதா என்று சொல்லிவிடும் கூர்த்த கண்ணினரே! ஓங்கில் எனும் டால்பின் கூட்டம் துள்ளிக் குதிக்கையில் ஊரே கைதட்டிக்கொண்டிருக்க, உதடு அசையாமல் எண்ணி முடித்துவிடும் உறுதியினரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் கடற்பறவை ஆய்வு நிலையத்தில் களப்பணி ஆற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஆலா அக்கா அவர்களே! அன்பு கலந்த வணக்கம்.

இம்மடலின் உணர்வு நிலையத்தார் அனைவருடையது. எழுத்து மட்டும் அலுவலக எழுத்தராகிய என்னுடையது. ஆகவே இடையில் எங்கேனும் 'நாங்கள்' மறந்து 'நான்' நுழைந்துவிட்டால், என் எத்தனையோ பிழைகளைத் திருத்திய தாங்கள் இதையும் பொறுத்தருள வேண்டும்.

கருமுதுகும் வெண்வயிறும் கவைபட்ட வாலுமாய்க் கடல்மேல் பறந்து, ஆண்டுக்கொரு முறை மட்டும் மண்ணைத் தேடி வந்து, வெறும் மணலில் ஒற்றை முட்டையிடும் பறவை ஆலா. அந்தப் பெயரைத் தங்களுக்குச் சூட்டியவர் எங்கள் படகோட்டி. பணியில் சேர்ந்த முதல் வாரமே, தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து கொத்திய பறவைகளுக்கு நடுவே தாங்கள் குனிந்தபடி முட்டை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இந்த அக்கா மனுஷப் பிறவியே இல்லப்பா, ஆலா!" என்றாராம். அன்று ஒட்டிய பெயர் பிறகு உதிரவே இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்தே ஒருமுறை 'திருமதி ஆலா அவர்களுக்கு' என்று கடிதம் வந்ததும், தாங்கள் அதற்கு அதே பெயரில் கையொப்பமிட்டுப் பதில் அனுப்பியதும் இந்நிலையம் மறவாத வரலாறு.

எண்ணுவதில் தாங்கள் காட்டிய நேர்மையை என்னவென்று சொல்வோம்! பன்னிரண்டாயிரம் இணைகள் கூடு கொள்ளும் தீவில், ஐம்பது குறைந்தால் யார் கேட்கப் போகிறார்கள், ஐம்பது கூடினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் சோர்ந்து உட்கார்ந்த பொழுதெல்லாம், "பறவைக்குத் தெரியும்ல" என்று ஒரே சொல்லில் எங்களை எழுப்பிவிட்டீர்கள். எச்சம் விழுந்து வெள்ளை பூசிய சட்டையோடு கரை திரும்புவீர்கள். தலையில் கொத்து வாங்குவது தீராததைக் கண்டு, தையற்கலைஞரான தங்கள் கணவர் உச்சியில் பஞ்சு வைத்துத் தைத்துத் தந்த தொப்பி, இன்று எங்கள் எல்லோருக்கும் சீருடைபோல ஆகிவிட்டது. அவருடைய துணிவெட்டும் கத்தரியைத் தாங்கள் கேட்காமல் எடுத்துவந்து, வலையில் சிக்கிய பேராமையை விடுவித்ததும், துருவேறிய அந்தக் கத்தரியைப் பார்த்து அவர் மூன்று நாள் பேசாமல் இருந்ததும் நாங்கள் அறிவோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரிடம், நிலையத்தின் சார்பில் தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் மகள் பள்ளியில் சேர்ந்த புதிதில், "உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "முட்டை எண்றாங்க" என்று சொல்லப்போய், அடுத்த நாள் இரண்டு டஜன் முட்டை வேண்டுமென்று சீட்டு வந்ததாம். அந்தச் சீட்டு தங்கள் மேசைக் கண்ணாடியின் அடியில் இருந்தது. நேற்று மேசையைக் காலி செய்தபோது தாங்கள் முதலில் எடுத்துப் பைக்குள் வைத்தது அதைத்தான்.

இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. இனி எழுதப்போவதன் உள்விவரம், சென்ற மாதம் வரை இந்த நிலையத்தில் மூன்று பேருக்கு மேல் அறியாதது. சொல்ல வேண்டாம் என்று தாங்கள் தடுத்தீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாகத் தங்கள் சொல்லை மீறுகிறோம்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஆலாக்கள் முட்டையிடத் தொடங்கிய இரண்டாம் வாரம், தீவிலிருந்து ஒரு காலி முட்டையோட்டைத் தாங்கள் கொண்டுவந்தீர்கள். சமையலறையில் நாங்கள் எல்லோரும் கூடிப் பார்த்தோம். "நண்டு வேலையாத்தான் இருக்கும்" என்றார் படகோட்டி. தாங்கள் ஓட்டைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினீர்கள். "நண்டு உடைச்சா நொறுங்கிப் போகும். இத ஓரமாக் கடிச்சு எடுத்திருக்கு. பாருங்க, ரெண்டு ரெண்டு கோடா பல் பதிஞ்சிருக்கு. இது எலி."

எலியே இல்லாத தீவு அது. எலியை அறியாத பறவைகள் அவை. மரத்தில் ஒளியவும் தெரியாது, மண்ணுக்குள் புதையவும் தெரியாது. திறந்த மணலில், தாய்ப்பறவை கடலுக்குப் போய் இரையோடு திரும்புமுன் குஞ்சு இருக்காது. அந்த ஆண்டு பன்னிரண்டாயிரம் முட்டைகளில் சிறகு முளைத்துப் பறந்தவை நாற்பத்தொரு குஞ்சுகள்.

எலி எப்படி வந்தது? கப்பலா, புயலில் ஒதுங்கிய கட்டையா, தீவோரம் வலை விரிக்கும் மீனவர்களின் படகா என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தாங்கள் மட்டும், முட்டையோட்டைக் காட்டிய மறுநாளே தனியே தீவுக்குப் போனீர்கள். பறவைகளை மறைந்திருந்து பார்க்கக் குடில் கட்டுவதற்காக, நான்கு மாதம் முன்பு தாங்களே துறைமுகக் கிடங்கிலிருந்து வாங்கி ஏற்றிச் சென்ற ஓலைக்கட்டுகளில் ஒன்று அங்கே பிரிக்கப்படாமல் கிடந்தது. பிரித்தீர்கள். உள்ளே கடித்துத் துருவிய நாரால் மெத்தைபோல ஒரு கூடு. அதைச் சுற்றிலும் எலிப்புழுக்கை. சினையாய் இருந்த ஓர் எலி, தாங்கள் ஏற்றிய ஓலைக்குள் உட்கார்ந்து, நிலையத்தின் படகிலேயே பயணம் செய்திருக்கிறது.

எந்தச் சாமானையும் கரையிலேயே அவிழ்த்து உதறிப் பார்த்து ஏற்றுவது தங்கள் வழக்கம். விதியாக யாரும் எழுதி வைத்ததில்லை, தாங்களாகக் கடைப்பிடித்தது. அன்று காற்று ஏறுகிறது என்று படகோட்டி அவசரப்படுத்த, "அங்க போய் அவுத்துக்கலாம்" என்றீர்கள். அந்த ஒரே ஒரு நாள்!

தீவில் தாங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். அந்தக் கட்டைக் கடலில் தள்ளியிருந்தால் அலை கொண்டுபோயிருக்கும். தாங்களோ அதை ஒரு தகரப்பெட்டியில் வைத்து மூடி, கரைக்குக் கொண்டுவந்து, அறிக்கை முடிந்த அன்று இயக்குநர் மேசைமேல் வைத்தீர்கள். அறிக்கையைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்காக நீட்டிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் ஏழாம் பக்கத்தில் இருந்த வரி இது: 'எலிகள் தீவுக்கு வந்தது நான் ஏற்றிச் சென்ற ஓலைக்கட்டில். கரையிலேயே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.'

அன்றைய இயக்குநர் நல்லவர். தங்கள்மேல் மிகுந்த மதிப்புள்ளவர். தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"அம்மா, இந்த வரி வேணாமே. எப்படி வந்துச்சுன்னு தெரியலன்னு போட்டுடலாம்."

"தெரியலன்னா போடலாம் சார். எனக்குத் தெரியுதே."

"உங்களுக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு. இத அனுப்பினா விசாரணை வைப்பாங்க. மீன்பிடிப் படகு ஏதாவது ஒதுங்கியிருக்கலாம்னு எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்?"

"நாளைக்கே அந்தப் பக்கம் வலை போடக் கூடாதுன்னு உத்தரவு வரும். அவங்க எலியும் கொண்டுவரல, ஒண்ணும் கொண்டுவரல. நான் கொண்டுவந்தேன்."

இயக்குநர் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு கையெழுத்திட்டார். அன்று அந்த வரியைத் தட்டச்சு செய்கையில் பாதியிலேயே விட்டுவிடலாமா என்று என் விரல் தயங்கியது உண்மை. இன்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்கிறேன்.

விசாரணை வந்தது. பதவி உயர்வு நின்றது. பிறகும் அது தங்களைத் தேடி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் களக்குழுவுக்குத் தலைமை தாங்கக் கூடாது என்று கண்டித்து உத்தரவு வந்தபோது, அதை என் கையால் தங்களிடம் கொடுக்க நேர்ந்தது. முழுவதும் படித்தீர்கள். "எம் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. திருத்தி ஒரு நகல் குடுத்துடுங்க" என்றீர்கள். அவ்வளவுதான்! அன்று மாலையே தீவுக்குக் கொண்டுபோகும் வாளிகளைக் கழுவ உட்கார்ந்துவிட்டீர்கள்.

அடுத்து நடந்தது போர். தங்களைவிடப் பத்து வயது இளைய அலுவலர் தலைமையில், தாங்கள் வாளி சுமக்கும் உதவியாளராகப் போனீர்கள். தீவு முழுவதும் இருபத்தைந்து அடிக்கு ஒரு பெட்டியாக எலிமருந்து வைத்தோம். மறுநாள் போய்ப் பார்த்தால் பெட்டிகள் காலி. எலி தின்றதல்ல, நண்டுகள் இழுத்துப் போனவை! உயரத்தில் கட்டினோம், ஏறி எடுத்தன. கல்லை வைத்தோம், உருட்டி எடுத்தன. எங்கள் சமையற்காரர்தான் சலித்துப்போய், "வழவழன்னு இருக்கிற பிளாஸ்டிக் வாளியக் கவுத்து, அதும்மேல வைங்க. நண்டு வழுக்கும், எலி தாவும்" என்றார். ஊரிலுள்ள வாளிகளையெல்லாம் திரட்டிக்கொண்டு போனோம். நண்டு வழுக்கியது. எலி தாவியது. அந்த யோசனை தன்னுடையது என்பதை இம்மடலில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று சமையற்காரர் மூன்று முறை வலியுறுத்தியிருக்கிறார், குறிப்பிட்டுவிட்டோம்.

மருந்து தீர்ந்த பிறகும் தங்கள் வேலை தீரவில்லை. வேர்க்கடலை விழுது கலந்த மெழுகுக்கட்டிகளைத் தீவெங்கும் நட்டு, வாரம் தவறாமல் ஒவ்வொன்றிலும் பல் பதிந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். அலுவலர் மாறினார், படகு மாறியது, பார்ப்பது மாறவில்லை. இரண்டு ஆண்டு முழுவதும் ஒரு கட்டியிலும் பல் படவில்லை என்று உறுதியான பின்னரே தீவில் எலி இல்லை என்று எழுதினீர்கள்.

அதற்கு அடுத்த பருவம், வெயில் ஏறிய ஒரு காலையில், தீவின் கிழக்கு மேட்டில் நாங்கள் எல்லோரும் நின்றோம். சாம்பல் புள்ளி போட்ட குஞ்சுகள் மணல் நிறையத் தத்தித் தத்தி ஓடின. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. அந்த ஆண்டு பறந்தவை எட்டாயிரத்து நூற்றுப் பதினேழு! நாங்கள் ஆளுக்கொரு பக்கம் துள்ளிக்கொண்டிருக்க, தாங்கள் மட்டும், "கத்தாதீங்க, எண்ணிக்கை தப்பும்" என்று எங்களை அதட்டினீர்கள். அதட்டிவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

அந்த ஏழாம் பக்கத்து வரியால் எலி வந்த வழி தெரிந்தது. வழி தெரிந்ததால் அடைக்க முடிந்தது. தீவுக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் கரையில், கதவடைத்த அறையில் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும் என்பது முதலில் எங்கள் நிலையத்தில் விதியாயிற்று. இன்று பறவைகள் கூடு கொள்ளும் பதினொரு தீவுகளில் விதியாகியிருக்கிறது. விதி வந்தபின் அவற்றுள் ஒன்றிலும் எலி நுழைந்ததில்லை. 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால், அடுத்த ஓலைக்கட்டும் அப்படியே போயிருக்கும்.

சென்ற மாதம், இவ்விழாவுக்கு அழைக்க மீனவர் சங்கத் தலைவரைத் தேடிப் போனேன். பனிக்கட்டிப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக இந்தக் கதையைச் சொன்னேன். கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே வைத்துவிட்டு அமர்ந்துவிட்டார்.

"அந்த வருஷம் முழுக்க நாங்க பயந்துக்கிட்டே இருந்தோம் தம்பி. எலி எங்க படகுலேர்ந்துதான் போச்சோன்னு எங்களுக்குள்ளயே சந்தேகம். வந்து கேப்பாங்க, கடல மூடுவாங்கன்னு தினம் எதிர்பார்த்தோம். யாருமே வரல. ஏன் வரலன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

பிறகு அழைப்பிதழைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். "எங்களுக்கு அழைப்பெல்லாம் எதுக்கு? நாங்களா வருவோம். நீங்க எழுதுற காகிதத்துல அடியில கொஞ்சம் எடம் விடுங்க."

அன்புமிக்க அக்கா அவர்களே! தாங்கள் இல்லாத நிலையம் தடுமாறும் என்று எழுதினால் தாங்களே அடித்துத் திருத்துவீர்கள். ஆகவே உள்ளதை எழுதுகிறோம்: தடுமாற மாட்டோம். எண்ணுவோம், எண்ணியதை எழுதுவோம், தவறினால் தவறியதையும் எழுதுவோம்.

கண்ணின் கூர்மை குன்றாமல், காலின் உறுதி குறையாமல், கணவரும் மகளும் களிப்புற்றுச் சூழ, காலைக் காற்றும் கடல் வெளிச்சமும் என்றும் தங்கள் வாசலில் நிறைந்திருக்க, நூறாண்டு தாண்டியும் நோயின்றி, குறையின்றி, யாரும் அவசரப்படுத்தாத நீண்ட நாள்களாய்த் தாங்கள் நிறைந்து வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்!

இங்ஙனம்,
தங்கள் அன்பை என்றும் மறவாத
கடற்பறவை ஆய்வு நிலையப் பணியாளர்கள்:
இயக்குநர், களக்குழுவினர், படகோட்டி, சமையற்காரர், எழுத்தர்

அடியில் இடம் கேட்டு வாங்கிக் கையொப்பமிடுவோர்:
இக்கரையின் மீனவர்கள், அறுபத்து மூன்று படகுக்காரர்கள்