ரெண்டு படகும் ஒரே இடத்தில்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் மீன்கூடைகளோடு இரண்டு பெண்கள்.

"கடல்ல மாட்டிக்கின எங்க வூட்டுக்காரரை, மீன்துறை ஆபீஸ்ல உக்காந்துகினே எம் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா," என்றாள் மூத்தவள்.

"எப்டிக்கா?"

"படகுங்க எங்க கீதுனு படகுல வெச்சிருக்குற மெஷினே ரிப்போர்ட் அனுப்பும். ஊருக்கு ஒண்ணா தனித்தனியா வரும். எல்லாத்தையும் ஒரே எக்செல்ல சேக்குறதுக்கு அவ கம்ப்யூட்டர்ல ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருந்தா. அன்னிக்கு அவரு படகு இன்ஜின் நின்னுபோச்சு. கிட்டவே வேற ஊரு படகு ஒண்ணு இருந்தது அதுலதான் தெரிஞ்சுது. உடனே அந்தப் படகுக்கு வயர்லெஸ்ல சொன்னாங்க."

"யாரு படகு?"

"வலைத் தகராறுல நம்மகிட்ட பேசாம கீறாங்களே, அவங்கதான். கயிறு கட்டி இழுத்தாந்தாங்க."

இளையவள் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"பொண்ணு பயந்துட்டாளா?"

"அந்தப் படகு அவருகிட்ட போய்ச் சேந்து, ரெண்டு படகுக்கும் ஒரே எடம் காட்டுற வரைக்கும் நல்லாதான் இருந்தாளாம். அதைப் பார்த்தப்புறம்தான் அழுதாளாம்."