லிடியா வீட்டில் இருந்த மாதங்கள்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற புங்க மரம் நல்ல நிழல் தருகிறது, மேடம். ரோட்டை அகலப்படுத்தியபோது அதை வெட்டாமல் விட்டது பெரிய விஷயம். அதன் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை.

என் பெயர் லூர்துராஜ். மண்ணூரில் சொந்த வீடு. மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மனைவி அன்னபுஷ்பம். ஒரே மகள் லிடியா. அவளுக்கு ஒரகடம் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை, லைன் லீடர். கெட்டிக்காரி.

நான் ரிட்டயர் ஆனதும் அவள்தான் எனக்கு டச் போன் வாங்கித் தந்தாள். "சும்மா உக்காந்துகினு இருந்தா போர் அடிக்கும்பா. பாட்டு கேளுங்க" என்றாள். முதலில் பாட்டுதான் கேட்டேன். ஒருநாள், எங்கோ ஒரு கம்பெனி பஸ் கவிழ்ந்து கிடக்கிற வீடியோ வந்தது. ஜன்னல் வழியே ஒரு பெண்ணின் கை தொங்கியது. லிடியா கட்டுகிற மாதிரியே கறுப்பு வாட்ச். உடனே அவளுக்கு போன் போட்டேன். வேலை நேரத்தில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஷிப்ட் முடிந்து அவள் வந்து இறங்கும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அதன் பிறகு அந்த போனில் பாட்டு வருவது குறைந்துவிட்டது. லாரிக்கு அடியில் போனவர்கள், ஹாஸ்டலில் தீப்பிடித்தது, வேலை முடிந்து நடந்து வந்த பெண்ணை வேனில் இழுத்துப்போட்டது. விரலால் தள்ளினால் ஒன்று, இன்னும் தள்ளினால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் லிடியாவின் வயதில் ஒரு பெண். சாப்பாடு இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தெருமுனைவரை ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

"அந்த போனத் தூக்கிக் கடாசுங்க" என்றாள் அன்னபுஷ்பம்.

லிடியா பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "நீங்க அதையே பாக்கறீங்க, அதனால அது அதையே காட்டுது. வேற ஒண்ணும் இல்லப்பா."

"நடக்காததையா காட்டுது?" என்று கேட்டேன்.

அவள் போனை வாங்கி, வீடியோ வருகிற ஆப்களை எல்லாம் அழித்துவிட்டுப் போனாள். ஒரு நாள் முழுக்கப் பார்க்காமல் இருந்தேன். அது இன்னும் மோசம். என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க ஒரு அப்பனால் முடியுமா? திரும்ப ஏற்றிக்கொண்டேன்.

முதலில் சின்னச் சின்ன காரியங்கள்தான் செய்தேன். அவளுடைய அடையாள அட்டையை அரிசி டிரம்மில் போட்டு வைத்தேன். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறி, மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். லிடியா சிரிக்கவில்லை. அடுத்த மாதமே அவள் ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள்.

அந்த ரோட்டில் ஸ்கூட்டர். நீங்களே தினம் பார்க்கிறீர்கள், கன்டெய்னர் லாரி எப்படிப் போகிறது என்று.

பிரேக் கேபிளை நான் முழுக்க அறுக்கவில்லை. சில இழைகளை விட்டுவைத்தேன். சர்ச்சுக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது, அங்கே அழுத்திப் பிடித்தால் போய்விடும். மெதுவாகத்தான் வருவாள், மணலில் விழுவாள், முட்டி சிராய்க்கும், வண்டி மேல் பயம் வரும். அவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் அங்கே கேபிள் தாங்கிவிட்டது. மெயின் ரோடு ஜங்ஷனில், ஒரு தண்ணீர் லாரிக்கு முன்னால் போய் அறுந்தது. லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் காலோடு போனது. தொடையில் இரண்டு இடத்தில் முறிவு. நான் பயந்ததில் தப்பே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது, மேடம். அந்த ரோடு அப்படிப்பட்டது.

யாரோ அதைப் படம் எடுத்திருந்தார்கள். சாயந்திரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருக்கும்போது அந்த வீடியோ என் போனுக்கே வந்தது. பலமுறை பார்த்தேன். பொம்பளைப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஒரு லைக் போட்டேன்.

பிறகு அவள் வீட்டில் இருந்தாள். அந்த மாதங்களைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. வெளிக்கதவைப் பூட்டிவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். தலை வாரிவிடுவேன். மீன் முள் எடுத்துக் கொடுப்பேன். அப்போதும் போனைப் பார்த்தேன்தான். ஆனால் அதில் செத்தவர்கள் எல்லாம் வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகள். நன்றாகத் தூக்கம் வந்தது.

கால் கூடிவிட்டது. நடக்க ஆரம்பித்தாள். கம்பெனியில் மறுபடி கூப்பிட்டார்கள். அவளோடு வேலை செய்கிற ஜோதி ஒருநாள் வந்து, "எங்கூட வல்லம் வடகால்ல வந்து தங்கிக்க லிடியா. ரூம் கீது, நடந்தே கம்பெனிக்குப் போயிரலாம்" என்றாள். லிடியா என்னைப் பார்க்காமலே தலையாட்டினாள். அன்றிரவு போனைத் திறந்தேன். முதலில் வந்ததே, வாடகை ரூமில் ஒரு பெண்ணுக்கு நடந்தது. அதை நான் உங்களுக்கு விவரிக்க விரும்பவில்லை.

அவள் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அன்னபுஷ்பம் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். குளியலறைத் தரையில் கொஞ்சம் மெஷின் ஆயில் ஊற்றி, மேலே தண்ணீர் தெளித்தேன். அவள் குளிக்க உள்ளே போனதும் கதவுக்கு வெளியே நின்றேன். ஆம்புலன்ஸ் நம்பரை முன்பே அடித்து, விரலைப் பச்சைப் பொத்தானுக்கு மேலேயே வைத்திருந்தேன். கவனமில்லாத ஆளாக இருந்தால் அதைச் செய்திருப்பானா என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

வழுக்கி விழுந்ததில் தொட்டி விளிம்பில் முதுகு பட்டிருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனிமேல் வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னபோது, எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்ற மாதிரி இருந்தது.

அடுத்த நாள் அவள் கண் விழித்து என்னைக் கூப்பிட்டாள். அன்னபுஷ்பமும் ஜோதியும் அங்கே இருந்தார்கள்.

"என் தலைமுடியில உங்க டூல்பாக்ஸ் வாசம் வருதுப்பா" என்றாள்.

நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"வண்டியும் நீங்கதானா?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "ஆமாம்மா" என்றேன்.

அன்னபுஷ்பம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லிடியா அழவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "அம்மா, இவர வெளிய போகச் சொல்லு. எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

பஸ்ஸைப் பார்த்தும் லாரியைப் பார்த்தும் பயப்படாத பிள்ளை, மேடம். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். பயம் வந்துவிட்டது, இனி ஜாக்கிரதையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அன்னபுஷ்பம் உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவளும் ஜோதியும் ஆஸ்பத்திரியிலிருந்து லிடியாவை நேராக வேறு எங்கோ கூட்டிப்போய்விட்டார்கள். எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள். என் போனையும் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு நாளாகக் கை மறுபடி நடுங்குகிறது, பாருங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கேபிளை அறுத்தது நான்தான், எண்ணெய் ஊற்றியதும் நான்தான். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றும் செய்யமாட்டேன். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.