தாழ்ந்தே நின்ற வண்டி

இரவு பதினொன்று. வெகீத்தாஸ் கிராமத்திலிருந்து பயாமோ டவுனுக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் கரும்பு... வேறு ஒன்றுமில்லை. அன்றும் இதே மாதிரி ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. அந்த டார்ச்சை அணைத்துவிடுங்கள், பாட்டரி தீர்ந்துவிடும்.

வண்டியை ஓட்டியவர் எலியாதெஸ். என்னோடு சர்க்கரை ஆலையில் இரவு வேலை பார்த்த ஒஸ்மெலின் தாய்மாமன். ஐம்பத்து நான்காம் வருட அமெரிக்கக் கார். ஆள் ஏற்றித்தான் பிழைப்பு.

பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொய்ந்து, பம்பர் தரையில் உரசியது. புதுப் பட்டைக்கு நாம் எங்கே போவது? கிடைத்ததில்தான் கழற்ற வேண்டும். ரயில்வே கேட்டில் ரயில் அடித்த லாரி ஒன்று கிடந்தது. ஆள் ஏற்றிப் போன லாரி. அதில் கழற்றினார்.

ஒஸ்மெல்தான் கூட இருந்தான். "மாமா, இதுல ஏறுனவங்க ஒருத்தர்கூட இறங்கலையே..."

"இரும்புக்கு என்னடா தெரியும்? ஸ்பேனரக் குடு."

மாட்டினார். ஜாக்கியை இறக்கியதும் வண்டி நிமிர்ந்து நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால்... முன்பைவிடத் தாழ்ந்து கிடந்தது.

பட்டறைக்கார நிவால்தோ அடியில் படுத்துப் பார்த்தான். "பட்டை கல்லு மாதிரி இருக்கு, கிழவா. டிக்கில பன்னி ஏதும் ஒளிச்சு வெச்சிருக்கியா?"

டிக்கியைத் திறந்தார்கள். காலி.

அதற்குப் பிறகு யாரும் கை காட்டவில்லை. நம் ஆட்கள் முதலில் வண்டியின் பின்பக்கத்தைத்தானே பார்ப்பார்கள்? தாழ்ந்திருந்தால் உள்ளே இடமில்லை. கையைத் தூக்குவதே வீண். காலி வண்டியாகவே போய் வந்தார்.

அந்த இரவு அவர் மகள் மைதெலீனுக்கு வலி வந்துவிட்டது. எட்டாவது மாதம். மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர் அவர். ஆம்புலன்ஸ் வரவில்லை. மகளைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பினார்.

சமமான ரோட்டிலும் பட்டை முனகியது. கிர்ர்ர்... கிர்ர்ர்... ஈரச் சாக்கு நாற்றம். கருகிய பிரேக் நாற்றம்.

"அப்பா..."

"வந்துட்டோம்மா. பொறுத்துக்கோ."

"கால நீட்ட முடியல. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜெனரேட்டர் வெளிச்சம். மகளைத் தாங்கி இறக்கினார். அவள் கால் தரையில் பட்டது. அவருக்குப் பின்னால்... கிர்ர்ர். பின்பக்கம் கொஞ்சம் எழுந்தது. நின்றது. மறுபடி கிர்ர்ர். இன்னும் கொஞ்சம். ஒவ்வொருவராக இறங்கினால் எழுமே, அப்படி. கடைசியில் வண்டி நிமிர்ந்து நின்றது.

விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற குழந்தை. நர்ஸ் எடை பார்க்க வைத்ததும் தராசுத் தட்டு மேசையில் போய் இடித்தது. டங்... தராசு கெட்டுவிட்டது என்று வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் இடித்தது.

தாய்க்கும் ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. இன்றும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். வண்டியும் அன்றிலிருந்து தொய்ந்ததில்லை. கைகாட்டி ஏறுகிறார்கள். ஐந்து பேர் ஏறினாலும் அசையாது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. குச்சி மாதிரி இருப்பாள். அவள் ஏறினால் மட்டும் பம்பர் தரையைத் தொடும்.

அவ்வளவு பெரிய பின் சீட்டில் தனியாகத்தான் உட்காருவாள். கதவோரமாக, முழங்காலை மடக்கி ஒடுங்கி... மற்றவர்களுக்கு இடம் விட்டு.