பொன்னுருக்கில் போன லில்லி

கோப்பிக்குச் சீனி காணாது, தம்பி. பரவாயில்லை, இருக்கட்டும். நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை, நான் ஆறுதலாவே சொல்லுறன்.

என்னட்டை ஒரு முத்திரை மோதிரம் இருந்தது. அறுநூறு வருசப் பழசு, பிரான்சில ஒரு பிரபு போட்டது. மேல லில்லிப் பூவைக் குழிச்சு வெட்டியிருக்கும். லில்லி மாதாவின்ர பூ. கறையில்லாத வீடு எண்டதுக்கு அடையாளம். அதை மெழுகில குத்தி அனுப்பினால் அந்த வீட்டுச் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஆள் செத்தால் மோதிரத்தை உடைச்சுப்போடுவினம், வேற ஆரும் குத்தக்கூடாதெண்டு. இது எப்பிடியோ தப்பினது. கலியாணமும் கட்டாமல் ரக் லொறி ஓடிச் சேர்த்த காசில, ஏலத்தில எடுத்தனான்.

ரூஜ் எண்ட இடத்தில என்ர தங்கச்சி எமில்டாவின்ர பேஸ்மென்ற்தான் எனக்கு வீடு. அவளின்ர மகன் யூட்சனுக்குக் கலியாணம் வர, தாலி செய்யப் பொன் உருக்கிற சடங்கு, பொன்னுருக்கு வைச்சவை. தாய்மாமன்ர பொன்னும் சேர்ந்தால் பிள்ளைக்கு ஆசீர்வாதமாம். நான் வேலையால வாறதுக்கிடையில, என்ர மேசை லாச்சியைத் திறந்து மோதிரத்தையும் சேர்த்து உருக்கச் சொல்லிப் பத்தரிட்டைக் குடுத்திட்டாள்.

"நெளிஞ்ச பழைய மோதிரம்தானே அண்ணை, நீங்கள் போடுறதுமில்லை" எண்டாள்.

பலகாரம் தந்தவை, சாப்பிட்டன்.

கலியாணம் முடிஞ்ச பிறகு யூட்சன்ர மனிசி ஸ்டெபனியிட்டைக் கேட்டன். "பிள்ளை, அந்தத் தாலியைத் தா. வேற பொன்னில புதுசு செய்து தாறன்."

சிரிச்சாள். "அவர் உயிரோட இருக்கேக்க தாலியைக் கழட்டுறதோ? என்ன கதை கதைக்கிறியள் மாமா?"

அவள் சொன்னதில பிழையில்லை. நானும் முறை தெரிஞ்சவன்.

யூட்சன் கராஜில காருக்குக் கீழ படுத்து ஒயில் மாத்தினான். ஜாக்கில தூக்கின காருக்கு வேற முட்டுக் குடுக்கேல்லை. "மாமா, ரோச்சை ஒருக்காப் பிடியுங்கோ" எண்டான். ஒரு கையால ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால ஜாக்கை இறக்கினன். நல்ல பொடியன். அவனில எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொலிஸ்காரர் நீங்களும் விபத்தெண்டுதானே எழுதினனீங்கள்?

மன்னிப்புக் கேக்கமாட்டன். என்ர லில்லியை உருக்கினதுக்கு ஆர் என்னட்டை மன்னிப்புக் கேட்டது?

செத்தவீடு முடியுமட்டும் பொறுத்துத்தான் திரும்பக் கேட்டன். ஸ்டெபனி தாலியைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். "நான் செத்தாலொழிய இது என்ர கழுத்தை விட்டு இறங்காது" எண்டிட்டு, மார்க்கம் ரவுணில இருக்கிற தாய்வீட்டுக்குப் போயிட்டாள்.

நேற்று அந்த வீட்டு வாசலில கத்தியோட என்னைப் பிடிச்சனீங்கள். ஏன் வந்தனீ எண்டு கேக்கிறியள். ரெண்டு தரமும் அந்தப் பிள்ளை சொன்னபடிதான் நடந்தனான், தம்பி. நானாக ஒண்டும் செய்யேல்லை.