எரிந்த கேரவனும் என் பாதிப் பதிலும்

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ட்வைட் ப்ரூட்டை நான் காட்டிக்கொடுத்தேன் என்று முகாமில் பேசிக்கொள்கிறார்கள். நான் யாரிடமும் போய் எதையும் சொல்லவில்லை. என்னைத் தேடி வந்து கேட்டவருக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதிலிலும் பாதியைத்தான் அவர் எழுதிக்கொண்டார். மீதியைச் சொல்ல இன்று ஷெரீஃபின் காவல் அலுவலகத்துக்கு நானாகவே வந்திருக்கிறேன்.

என் பெயர் பெர்னிஸ் லாமர்ஸ். வயது எழுபத்தெட்டு. காலஞ்சென்ற ஹெரால்ட் லாமர்ஸின் மனைவி. அயோவாவில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். முகவரிக்கான இடத்தில் உதவி ஷெரீஃப் ஆர்வீசோ ‘வீடற்றவர்’ என்று எழுதினார். அதை அடித்துவிடச் சொன்னேன். எனக்கு வீடு இருக்கிறது. அதற்குச் சக்கரங்களும் இருக்கின்றன. குளிர்காலத்தில் அரிசோனாவில் இந்தப் பாலைவன முகாமிலும் கோடையில் வடக்கே ஏரிக்கரைகளிலும் கேரவனை நிறுத்திக் குடியிருக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களைத் தென் டகோட்டாவில் ஒரு தபால் கடை வாங்கி அனுப்பிவைக்கும். ஓட்டுநர் உரிமத்திலும் அந்த விலாசம்தான். எங்களில் பலருக்கும் அப்படித்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை.

ட்வைட் ப்ரூட் என் பக்கத்துக் கேரவன்காரர். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், மனைவி ஜோனியை இழந்தவர். காலையில் தன் கோப்பையோடு என் துணிப்பந்தலுக்குக் காப்பி குடிக்க வருவார். சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் இருவருக்கும் வண்டிக் காப்பீடு எடுக்கவேண்டி வந்தது. முகாமில் என் பந்தலடியில்தான் கைப்பேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். ஆகவே இருவரும் என் மேஜையிலேயே உட்கார்ந்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு, கைல் ஸ்டாம்பர் என்ற ஒரே முகவரிடம் பேசினோம்.

அவர் முதலில் என்னிடம், “வண்டியிலயே குடியிருக்கீங்களா, இல்ல லீவுக்குப் போய்வர வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். குடியிருக்கிறேன் என்றேன். “அப்படிப் போட்டா பிரீமியம் ஏறும்மா. பொண்ணு வீட்டு விலாசம் குடுங்க, லீவு வண்டின்னு போட்டுடறேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார். குடியிருப்பு என்றே எழுதச் சொன்னேன். ட்வைட் சிரித்தார்.

“மதர், இப்படியே இருந்தா பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்ல என்ன பாவம் இருக்கும்? கொஞ்சமாவது மிச்சம் வைங்க.”

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் என்பதால் அவர் என்னை அப்படித்தான் அழைப்பார். அதன் பிறகு அவர் முறை வந்தது. அவர் முகவரிடம் எதையும் மறைக்கவில்லை. “தம்பி, எனக்கு வேற வீடு கெடையாது. ஜோனி இருக்கறப்பவே வித்துட்டோம். இதுலதான் படுக்கறேன், இதுலதான் சாவேன்” என்றார். அதற்கு முகவர், “அது எனக்குத் தெரியும் சார். கம்பெனிக்குத் தெரிய வேண்டாம். மகன் விலாசத்தச் சொல்லுங்க” என்றார். ட்வைட் சொன்னார். “அது பொய், ட்வைட்” என்றேன். “சின்னப் பொய்தான் மதர். டீசலும் போடணுமில்ல” என்றார்.

பிப்ரவரியில் ஒரு நண்பகல், ட்வைட் துணி துவைக்க ஊருக்குள் போயிருந்தபோது, அவர் கேரவனில் கேஸில் ஓடும் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் இரும்புச் சட்டம்தான் மிஞ்சியது. வெளியே கம்பத்தில் தொங்கிய பெயர்ப்பலகை மட்டும் எரியவில்லை. நிலையாகக் குடியிருப்பவர்கள் அப்படி ஒன்று மாட்டுவது எங்கள் முகாம் வழக்கம். அதில் ‘ட்வைட், ஜோனி. இதுதான் வீடு’ என்று ஜோனி தன் கையால் வண்ணம் தீட்டியிருந்தாள்.

அதன் பிறகு காப்பீட்டு நிறுவன விசாரணையாளர் வந்து அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு என் பந்தலுக்கு வந்தார். அவருக்குக் காப்பி ஊற்றி வைத்தேன்.

“ப்ரூட் இங்கயே குடியிருந்தாரா, வந்து போவாரா?”

“குடியிருந்தார். அது உங்க ஏஜென்ட்டுக்கும்…”

“போதும்மா. எனக்கு வேண்டியது கெடச்சிடுச்சு.”

பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். காப்பியைத் தொடவில்லை.

அதன் பிறகு நிறுவனம் இழப்பீடு தர மறுத்ததோடு, குடியிருக்கும் வண்டியை லீவு வண்டி என்று பதிந்து ட்வைட் ஏமாற்றினார் என்று இந்த அலுவலகத்தில் புகாரும் கொடுத்தது. இப்போது அவர் தன் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் தூங்குகிறார். காலையில் வருவதில்லை. ஒரு நாள் நானே காப்பியைக் கொண்டுபோனேன். கண்ணாடியைச் சற்று இறக்கி, “ஒங்க உண்மையோட ஒக்காந்து குடிங்க, மதர்” என்றார். கோப்பையை வாங்கவில்லை.

இதையெல்லாம் கேட்ட உதவி ஷெரீஃப், “அவர் பொய் விலாசம் குடுத்ததும் இதுல வருமேம்மா, பரவால்லையா?” என்றார். வரட்டும் என்றேன். அவர் பொய் விலாசம் கொடுத்தார். கொடுக்கச் சொன்னவர், உண்மையைத் தன் காதால் கேட்ட நிறுவன முகவர். இரண்டையும் நான் அருகிலிருந்து கேட்டேன். நீதிமன்றத்திலும் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்தினார்கள். யாருடைய தூண்டுதலும் இன்றி, நான் கண்டதையும் கேட்டதையும் ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாக்குமூலம் முழுவதும் நிறுவனத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அனுப்பப்பட்டதா, முகவர் கைல் ஸ்டாம்பர் விசாரிக்கப்படுவாரா என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ட்வைட் ப்ரூட்டுக்கு இப்போது விலாசம் இல்லை. அவருக்குரிய பிரதியையும் என்னிடமே கொடுங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

(கையொப்பம்)
பெர்னிஸ் லாமர்ஸ்