மாத்திரை மேல் போட்ட பழி

— சொன்னா கேளு ஜிபெக்கு, எங்க வீட்டுச் சாப்பாட்டுல எந்தக் கோளாறும் இல்ல. ஆடு அன்னிக்குக் காலையில அறுத்தது. குதிரைப்பால் அன்னன்னிக்குக் கறந்தது. அப்படியிருந்தும் சம்பந்தி நாலு நாளா சொறிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. பொண்ணைக் கொடுத்த மனுஷன், பேரனைத் தொட்டில்ல போடுற விருந்துக்கு நாரின் ஊர்ல இருந்து வந்திருக்காரு. இப்படியே திருப்பி அனுப்பினா ஊர்ல என்ன பேசுவாங்க?

— எசென்குல் அண்ணே, கொஞ்சம் அவரையும் பேச விடுங்க. நீங்க சொல்லுங்க இமானாலி அண்ணே, என்ன பண்ணுது?

— ஒரு குறையும் இல்ல நர்ஸம்மா. சாப்பாடு அமிர்தம், கவனிப்பு ராஜ கவனிப்பு. எல்லாம் என் பிரஷர் மாத்திரை பண்ற வேலை. அரிப்பைக் கிளப்பி விட்டுருச்சு. அதான் நிறுத்திட்டேன்.

— நிறுத்திட்டீங்களா? யாரைக் கேட்டு?

— அரிப்பைக் கேட்டு.

— நிறுத்தி எத்தனை நாளாச்சு?

— இன்னியோட மூணு.

— அரிப்பு குறைஞ்சுதா?

— கூடியிருக்கு. உடம்புல ஊறின மருந்தில்லையா, இறங்க நாளாகும்.

— எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க?

— மூணு வருஷம். ஒரே மாத்திரைதான்.

— மூணு வருஷமா சும்மா கிடந்த மாத்திரை, சம்பந்தி வீட்டு வாசலை மிதிச்சதும் வேலையைக் காட்டுதாக்கும்.

— சொன்னா கேளு ஜிபெக்கு, மாத்திரையேதான். எனக்கு நிச்சயமா தெரியும். நீ அதையே காகிதத்துல எழுதிக் கொடுத்துடு, வேற மருந்து வாங்கிக்குவோம்.

— எழுதுறது நானா நீங்களா? ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடுங்க. இமானாலி அண்ணே, கையை நீட்டுங்க. ம். பிரஷர் நூத்தித் தொண்ணூறு.

— கீழ எவ்வளவு?

— கீழ எவ்வளவுன்னு கேட்டா உங்களுக்கும் ஏறிடும் எசென்குல் அண்ணே. இது விளையாட்டில்ல. மூளையில ஒரு நரம்பு வெடிச்சா, தொட்டில் விருந்துக்கு வந்தவரைப் பாயில சுருட்டி அனுப்பணும். அண்ணே, நீங்க வீட்டுக்குப் போய் அவரோட மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வாங்க.

— குதிரையிலதான் வந்தேன், இதோ வந்துட்டேன். சம்பந்தி, நீங்க அசையாம உக்காந்திருங்க.

— போயிட்டாரு. இப்ப சட்டையைக் கழட்டுங்க.

— எதுக்கு நர்ஸம்மா, கைதானே அரிக்குது.

— அதனாலதான். வயிறு சுத்தமா இருக்கு. முதுகும் சுத்தம். மருந்து ஒத்துக்கலைன்னா பெரும்பாலும் இங்கதான் முதல்ல திட்டுத் திட்டா சிவக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவும். உதடு வீங்கிச்சா? மூச்சு இழுத்துச்சா?

— இல்ல.

— உங்களுக்குக் கழுத்துல மூணு, கணுக்கால்ல நாலு, இடது கையில வரிசையா அஞ்சு. ஒவ்வொரு தடிப்புக்கும் நடுவுல ஊசி குத்தின மாதிரி புள்ளி. போர்வைக்கு வெளிய கிடந்த இடம் மட்டும்தான். காலையில எழுந்தா புதுசா ரெண்டு மூணு சேர்ந்திருக்குமே?

— இருக்கும்.

— எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?

— வலது பக்கம்.

— அதான் இடது கைக்கு இந்தக் கதி. இது என்னன்னு உங்களுக்குத் தெரியும் அண்ணே.

— தெரியாது.

— தெரியும்.

— சரி, முதல் நாளே தெரியும். செல்போன் வெளிச்சத்துல பார்த்தேன். தலையணை ஓரமா ஒரு மூட்டைப்பூச்சி, என் ரத்தத்தைக் குடிச்ச கனத்துல நடக்க முடியாம நடந்து போச்சு.

— அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?

— எப்படிம்மா சொல்றது? வீட்டுலயே நல்ல மெத்தையாப் பார்த்து, மேல வெள்ளை விரிப்பு விரிச்சு, வாசலுக்கு எதிர்ல மரியாதையான இடத்துல எனக்குப் போட்டுக் கொடுத்திருக்காங்க. உங்க படுக்கையில பூச்சின்னு ஒரு விருந்தாளி சொன்னா, அதுக்கு அவங்க கன்னத்துல அறையலாம். நான் சொல்லிட்டு ஊருக்குப் போயிடுவேன். என் மக மீரிம் அந்த வீட்டுல வாழணும், மாமியார் முகத்துல காலம் பூரா முழிக்கணும். மாத்திரைக்கு மாமியார் கிடையாது. அதான் பழியை அது மேல போட்டேன்.

— சரி, பழியைப் போட்டீங்க. நிறுத்துவானேன்?

— சம்பந்தி என் பக்கத்துலயே உக்காந்திருக்காரே. மாத்திரையாலதான் அரிக்குதுன்னு சொல்லிட்டு, அவர் கண்ணு முன்னால அதையே எடுத்து முழுங்கினா என்ன நினைப்பாரு?

— நல்ல மரியாதை. அந்த வீட்டுல நாப்பது நாள் பச்சப்பிள்ளை தூங்குது. நாளைக்கு அதுக்கும் தடிச்சா எந்த மாத்திரை மேல பழி போடுவீங்க?

— அதை நினைச்சே காலையில கண்ணு முழிச்சதும் தொட்டில்கிட்டதான் ஓடுறேன். இதுவரைக்கும் பிள்ளை மேல ஒண்ணும் இல்ல. ஆனா பயமா இருக்கு நர்ஸம்மா. எங்க வீட்டுல ஒரு எறும்புகூட யாரையும் கடிச்சதில்ல, இங்க எப்படிச் சமாளிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

— நான் சமாளிக்கிறேன். ஊர்ல எல்லா வீட்டுப் படுக்கையையும் சோதிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவுன்னு சொல்லிடுறேன். துணியைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல போட்டு, மெத்தையைப் பிரிச்சு, சந்து பொந்தெல்லாம் மருந்தடிச்சா தீர்ந்துச்சு. உங்க பேரே வராது. ஆனா டப்பா வந்ததும் நீங்க மாத்திரை போடணும். இனி எந்த மாத்திரையையும் கேக்காம நிறுத்தக் கூடாது.

— என் பேர் வராதுன்னு சத்தியம் பண்ணுங்க.

— பிரஷர் ஏறுது, சும்மா இருங்க. குதிரைச் சத்தம் கேக்குது, சட்டையைப் போடுங்க.

— இந்தா ஜிபெக்கு, டப்பா. என்ன முடிவு பண்ணினே?

— மாத்திரை மேல குத்தம் இல்ல அண்ணே. அது கிடக்கட்டும், நாளைக்கு நான் எல்லா வீட்டுக்கும் வந்து படுக்கை, போர்வையெல்லாம் பார்க்கப் போறேன். மேலிடத்து உத்தரவு.

— எப்ப வந்துச்சு உத்தரவு?

— இப்பத்தான்.

— சொன்னா கேளு, உனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்துலயே வராது.

— சம்பந்தி, நான் ஒண்ணு சொல்றேன், நீங்க மனசுல எதுவும்...

— இருங்க சம்பந்தி. முதல்ல மாத்திரையைப் போடுங்க. இந்தாங்க தண்ணி. உள்ள போச்சா?

— போச்சு.

— ஜிபெக்கு, இப்ப என் முழங்கையைப் பாரு.

— என்ன அண்ணே இது? வரிசையா எட்டு இருக்கு.

— பன்னெண்டு நாளா இருக்கு. வீட்டுல என்னன்னு கேட்டாங்க. சர்க்கரை மாத்திரை ஒத்துக்கலைன்னு சொல்லி அதை நிறுத்திட்டேன்.

— நீங்களுமா? கூறு கெட்டுப் போச்சா உங்களுக்கு? உங்க வீட்டுப் பூச்சிக்கு நீங்க எதுக்குப் பொய் சொல்லணும்?

— எங்க வீட்டுப் பூச்சியா இருந்தா அன்னிக்கே கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். தொட்டில் சீர்னு சம்பந்தி வீட்டுல இருந்து முன்கூட்டியே லாரியில ரெண்டு மெத்தை வந்துச்சு. ஒண்ணு எனக்கு, படுத்த அன்னிக்கே கடி. இன்னொண்ணை அவருக்கே விரிச்சேன். விரிக்காம விட்டா, எங்க மெத்தைக்கு என்ன குறைன்னு கேப்பாரே, நான் என்னத்தைச் சொல்றது?